கண்ணை மூடச் சொல்லாத சோதனை

தம்பி தங்கைகளே, முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன மாதம் என் வலது குதிகாலுக்கு அந்த அதிர்வலை மெஷினை வைத்தீர்களே, அந்த நாளில் சொன்ன பொய்.

துப்பாக்கி போன்ற ஒன்றைக் குதிகாலில் அழுத்திப் பிடித்து, டக்டக்டக் என்று மரங்கொத்தி மாதிரி கொத்த விட்டீர்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை, கட்டு இல்லை. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒன்று வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். உங்களில் ஒரு பெண் குனிந்து கேட்டாள்: "எப்படி இருக்கு அங்கிள்? வலி பத்துக்கு எத்தன?"

"மூணு இருக்கும். ஓகே லா."

எட்டு இருந்தது. மெத்தை விரிப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றுதானே என்று அவள் வேகத்தைக் கூட்டினாள். நான் அதற்கும் தலையாட்டினேன். ஏன் என்று கேட்டால், அந்தப் பிள்ளை அவ்வளவு அன்பாக இருந்தாள். அவள் முகம் வாடக்கூடாது என்று தோன்றியது. வேறு காரணம் கிடையாது.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டே போகும்போது பாக்கியம் அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தக் கதையை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. பிசியோ பிரிவின் பழைய ஆள் என்று என்னை மேடையில் வந்து பேசச் சொன்னீர்கள். மேடையில் இதைச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஈப்போ வட்டாரத்தில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். நான் உங்களைப் போலப் படித்து வந்தவன் அல்லன். பள்ளிப்படிப்பில் பாரம் மூன்றோடு நின்றவன். தரை துடைக்கிற, நாற்காலி தள்ளுகிற அட்டெண்டனாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே பிசியோ பிரிவு வேலையைக் கற்றுக்கொண்டேன். ஆள் பற்றாக்குறை. கை சுத்தமாக இருந்தால் மெஷினைத் தொடவிடுவார்கள். எனக்கு வேலை நிரந்தரமாவதற்கு அப்போது இன்னும் மூன்று மாதம் பாக்கி.

எங்களிடம் இருந்தது சூடு கொடுக்கிற மெஷின். இரண்டு தட்டுகளை வலிக்கிற இடத்துக்கு இரு பக்கமும் வைத்தால், மின் அலை உள்ளே போய்ச் சதையைச் சூடாக்கும். முழங்கால் வலி, குதிகால் வலி, தோள் வலி எல்லாவற்றுக்கும் அதுதான். மெஷினில் ஒரு திருகு, திருகைச் சுற்றி எண்கள். ஆனால் எந்த எண்ணுக்கு எவ்வளவு சூடு என்று மெஷினுக்கே தெரியாது. ஒல்லிக் காலுக்கு ஒன்று, பருத்த காலுக்கு ஒன்று. அந்த மெஷினின் உண்மையான மீட்டர் நோயாளியின் வாய். "இதமா இருக்கா, சுடுதா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் திருக வேண்டும்.

அதனால்தான் மெஷின் வைப்பதற்கு முன் ஒரு சோதனை. இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றில் சுடுநீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மாற்றி மாற்றித் தோலில் தொட்டு, "சூடா, குளிரா?" என்று கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் அந்தத் தோலுக்கு உணர்வு இருக்கிறது, மெஷின் வைக்கலாம். எங்கள் பிரிவுத் தலைவி இதை எனக்கு முதல் வாரமே சொல்லித் தந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். பேசினால் திரும்பச் சொல்லமாட்டார்.

எனக்கு அந்த வயதில் ஒரு பித்து இருந்தது. சனங்கள் தங்கள் வலியைச் சொல்லுகிற விதம். லகாட்டிலிருந்து வருகிற ஒரு லோரிக்காரர், "முட்டிக்குள்ள யாரோ வாடகைக்கு வந்து ஆணி அடிக்கிறான்" என்பார். பத்து காஜாவிலிருந்து வருகிற ஓர் அம்மா, "என் இடுப்பு என்கிட்ட பேசறதில்ல, மருமககிட்ட மட்டும்தான் பேசுது" என்பார். வீட்டில் மருமகள் வேலை சொன்னால் மட்டும் வலிக்குமாம். இதையெல்லாம் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைப்பேன். தேநீர் நேரத்தில் நடித்துக் காட்டுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு அது பெருமை.

பாக்கியம் அக்கா வந்தது அப்படி ஒரு காலையில். லகாட் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரத்துப் பட்டையை வெட்டிப் பால் எடுக்கிறவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். கணவர் இறந்து சில வருடம். இரண்டு குதிகாலும் எரிகிறது, இடது காலில் நிற்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொல்லி, டாக்டர் எங்களிடம் அனுப்பியிருந்தார். விடியற்காலையிலிருந்து மரத்துக்கு மரம் நடக்கிற வேலை. குதிகால் தசைநார் வலி என்று டாக்டர் எழுதியதை யாரும் சந்தேகப்படவில்லை.

சீட்டைக் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, எத்தன நாள்ல லட்டர் கெடைக்கும்?"

"என்ன லட்டர்?"

"நிக்கலாம், வெட்டலாம்னு டாக்டர் லட்டர். தோட்டத்து ஆபீசுல பெரிய கிராணி ரெண்டு மாசம் டைம் குடுத்திருக்காருங்க. அதுவரைக்கும் நாத்துக்குத் தண்ணி ஊத்துற லைட் வேல. ரெண்டு மாசத்துல வெட்டுக்குத் திரும்பலன்னா பேரு வெட்டிருவாங்க. பேரு போச்சுன்னா தோட்டம் குடுத்த லயத்து வீடும் போச்சு. என் மவ இந்த வருசம் பாரம் அஞ்சுங்கய்யா. பரிட்ச வரைக்கும் அந்த வீடு இருந்தா போதும்."

இதுதான் அவருக்கு வேண்டியது. வலி போகவேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. மகள் மல்லிகா பள்ளியின் கடைசிப் பரீட்சை எழுதுகிற வரைக்கும் ஒரு வீடு.

"வலி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எரியுதுங்க. ஆனா நடந்தா, ஈர ரப்பர் ஷீட்டு மேல மிதிக்கிற மாதிரி இருக்குங்க. மெஷின்ல பால உருட்டி எடுப்பாங்கல்ல, காயறதுக்கு முந்தி, மெத்து மெத்துன்னு. காலுக்கும் தரைக்கும் நடுவுல அது ஒண்ணு கெடக்குற மாதிரி."

எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டேன். சிகிச்சை அட்டையில் எழுதவில்லை. அதில் 'குதிகால் வலி' என்று மட்டும் எழுதினேன்.

பிறகு குழாய்ச் சோதனை. வாசல் வரை வரிசை. பக்கத்திலிருந்த கெண்டியில் அப்போதுதான் கொதித்த தண்ணீர். குழாயின் வாயிலிருந்து ஆவி பறந்தது. கண்ணை மூடச் சொல்லவில்லை. மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம், மறக்கவில்லை. கண்ணை மூடச் சொன்னால் வயதானவர்கள் எதற்கு, ஏன் என்று கேட்பார்கள், விளக்க வேண்டும், நேரம் போகும். பல மாதமாகவே நான் அதை விட்டிருந்தேன்.

"இது சூடா, குளிரா?"

"சூடுங்க."

"இது?"

"குளிருங்க."

பத்துத் தடவை தொட்டேன். பத்தும் சரி.

"பரிட்ச பாஸ்க்கா! உங்க மவளவிட நல்லா எழுதிட்டீங்க" என்றேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

இதை மட்டும் மனத்தில் வையுங்கள்: உண்மையாகவே உணர்கிற பாதம் ஒன்றிரண்டு தப்பும். குதிகால் தோல் தடித்தது. அதிலும் ஒரு தோட்டத்துப் பெண்ணின் குதிகால். பத்துக்குப் பத்து வாங்குகிற குதிகாலைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள்.

முதல் இரண்டு நாள் இதமாகப் போனது. மூன்றாம் நாள் சிகிச்சை முடிந்து, "வாரேங்கய்யா" என்று கிளம்பினார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட வாசலுக்கு வந்தேன். நடைவழியின் நடுவே ஒரு நீல வார்ச் சிலிப்பர் தனியாகக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால், பாக்கியம் அக்கா தூரத்தில் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுங்காலுமாகப் போய்க்கொண்டிருக்கிறார். செருப்பு கழன்றது தெரியாமலேயே.

ஓடிப்போய்க் கொடுத்தேன். "என்னக்கா, ஆஸ்பத்திரிக்குச் செருப்பு தானமா?"

குனிந்து காலைப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் மாறியது. பிறகு அவரும் சிரித்தார். "வயசாச்சுல்லங்க. கவனம் எங்கயோ இருக்கு."

இருவரும் சேர்ந்துதான் சிரித்தோம். சில்லென்ற சிமெண்டுத் தரையில் இருபது அடி வெறுங்காலில் நடந்தவருக்கு அது ஏன் தெரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. தேநீர் நேரத்துக்கு இன்னொரு கதை கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

ஆறாம் நாள். கிராணி கொடுத்த தவணைக்கு இன்னும் சில வாரமே இருந்தது. நானே அவரைவிட அவசரப்பட்டேன்.

"சூடு தெரியுதாக்கா?"

"லேசா தெரியுதுங்கய்யா."

"கொஞ்சம் கூட்டட்டுமா?"

"கூட்டுங்கய்யா."

"இப்ப?"

"நல்லாருக்குங்கய்யா."

"இன்னும்?"

"நீங்க பாத்து வைங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தோட்டத்துச் சனங்களை எனக்குத் தெரியாதா? நானே லயத்தில் பிறந்தவன். காலைப் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் 'இருக்கேங்க', கங்காணி திட்டினால் 'சரிங்க', தோட்டத்து டிரஸ்ஸர் எல்லா நோவுக்கும் ஒரே மருந்தை ஊற்றிவிட்டு 'சரியாப் போச்சா?' என்றால் 'போச்சுங்க'. வெள்ளைச் சட்டை போட்டவரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது என்பதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். என் அப்பாவும் அப்படித்தான் பேசுவார். அதெல்லாம் தெரிந்திருந்தும், என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர் என்னை ஐயா என்று கூப்பிடுவது எனக்கு இனித்தது. திருகைத் திருகினேன்.

தட்டை எடுத்தபோது குதிகால் சிவந்திருந்தது. ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். இந்தத் தடவை மல்லிகாவும் கூட வந்திருந்தாள். பள்ளிச் சீருடையில், பின்னலைப் பிடித்துத் திருகிக்கொண்டு. "அம்மா நடந்த எடமெல்லாம் தரையில ஈரமா தடம் விழுந்துச்சு சார். தண்ணின்னு நெனச்சேன். அப்புறம்தான் கால திருப்பிப் பாத்தேன்" என்றாள்.

குதிகாலில் கொப்புளம் வந்து, அது உடைந்து, தோல் உரிந்து கிடந்தது. அதன்மேல்தான் அவர் இரண்டு நாள் நடந்திருக்கிறார்.

டாக்டர் அறைக்கு அழைப்பு வருவதற்குள் என் கூட்டாளி, இன்னோர் அட்டெண்டன், என்னைக் கழிவறைப் பக்கம் இழுத்துப் போனான். "மச்சான், சோதன பண்ணியா?"

"பண்ணேன். கண்ண மூடச் சொல்லல."

"மூடித்தான் பாத்தேன்னு சொல்லிரு லா. யாரு பாத்தா? மூணு மாசத்துல உனக்கு வேல நெரந்தரம். மெஷின் மேல போடு. மெஷினுக்கு என்ன, பொண்டாட்டி பிள்ளையா?"

டாக்டர் அறையில் நாங்கள் ஐந்து பேர். டாக்டர், மிஸ், நான், பாக்கியம் அக்கா, மல்லிகா. டாக்டர் அட்டையைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். மிஸ் என் பக்கம் திரும்பினார். "கண்ணை மூடச் சொன்னனீரோ?"

"சொன்னேன் மிஸ்."

டாக்டர் நோயாளியையும் கேட்கச் சொன்னார். மிஸ் பாக்கியம் அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, குழாயாலே தொட்டுப் பாக்கேக்கை, இந்தத் தம்பி உங்களைக் கண்ணை மூடச் சொன்னவரோ?"

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சொன்னாருங்கம்மா. நல்லா இறுக்க மூடிக்கிட்டேன். அப்புறந்தான் தொட்டாரு."

முடிந்தது. உணர்வு சரியாக இருக்கிறது. ஆகவே கோளாறு மெஷினில்தான் என்று டாக்டர் முடிவு செய்தார். மெஷினை நிறுத்திப் பழுது பார்க்க ஆள் கூப்பிட்டார்கள். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, தோட்டத்து டிரஸ்ஸரிடம் தினமும் கட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். எரிகிறது என்கிற காலுக்கு உணர்வே செத்திருக்கலாம் என்று நினைக்க யாருக்கும் காரணம் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கவும் காரணம் இல்லை. அந்தக் காரணத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழித்துவிட்டோம்.

அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

மல்லிகா மருந்து வாங்க வரிசையில் நின்றாள். நான் பாக்கியம் அக்காவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். "ஏங்கா அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க நல்லவருங்க. கால தொட்டுப் பாத்த ஆளு நீங்கதான். தோட்டத்து டிரஸ்ஸரு குச்சியால காட்டச் சொல்லுவாரு. உங்க வேல போயிரக்கூடாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் ஒண்ணும் யோக்கியம் இல்லய்யா. எனக்குச் சூடும் தெரியல, குளிரும் தெரியல. ஆவி வந்த குழாயப் பாத்துப் பாத்துத்தான் சொன்னேன். தெரியலன்னு சொன்னா மெஷின் வைக்க மாட்டீங்க. மெஷின் வைக்கலன்னா லட்டர் ஏது?"

அந்த இடத்திலிருந்து டாக்டரின் அறைக் கதவு பத்தடி. கதவு திறந்துதான் இருந்தது. டாக்டர் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன்.

எத்தனையோ தடவை மனத்துக்குள் அந்தப் பத்தடியை நடந்து பார்த்துவிட்டேன். கண்ணை மூடச் சொல்லாதது என் சோம்பல். அதை மன்னிக்க மிஸ் இருந்தார், டாக்டர் இருந்தார், கடவுள் இருந்தார். தெரிந்த பிறகு போகாததற்கு யாரும் இல்லை.

பன்னிரண்டு நாள் போயிற்று. பாக்கியம் அக்கா வரவில்லை. தோட்டத்திலேயே கட்டு மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் தேநீர் நேரத்தில் கூட்டாளி, "மச்சான், புதுசா என்ன மாட்டுச்சு?" என்று கேட்டான். கை தானாகக் கொப்பிக்குப் போனது. பழக்கம். நடித்துக் காட்டினேன். "ஈர ரப்பர் ஷீட்டு மேல மிதிக்கிற மாதிரி இருக்குங்க..." காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். சிரித்தார்கள்.

மிஸ் தன் குவளையைக் கழுவ வந்தவர், குழாயை மூடிவிட்டு நின்றார்.

"ஆர் சொன்னது இது?"

சிரிப்பு நின்றுவிட்டது. "பாக்கியம்னு... குதிகால் வலி கேஸ் மிஸ்."

"சூடு பட்ட மனுசியோ?"

"ஆமா மிஸ்."

"காலுக்குக் கீழே வேறை ஏதோ கிடக்கிற மாதிரி எண்டு சொல்லியிருக்கிறா. அது உணர்வு போன கால். அதை நீர் கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறீர். அட்டையிலை ஏன் எழுதேல்லை?" என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கண்ணை மூடினவவோ?"

இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "அவ உமக்குத் தன்ரை நோயைச் சொல்லியிருக்கிறா. நீர் அதைப் பகிடியாக்கி வைச்சிருக்கிறீர்" என்று மட்டும் சொன்னார். ஈரக் குவளையை அப்படியே வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தார். "வாரும். வீடு தெரியுமோ?"

அவருடைய சின்ன மோரிஸ் காரில் போனோம். தோட்டத்து லயத்தில் வெயில் காய்ந்த மதியம். மல்லிகா வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்குப் போகவில்லை. உள்ளே பாக்கியம் அக்கா பாயில் கிடந்தார். கட்டுக்குள்ளிருந்து வந்த வாடை வாசலிலேயே அடித்தது. கணுக்காலுக்கு மேலே பளபளவென்று வீங்கி, நிறம் மாறியிருந்தது. நெற்றி கொதித்தது.

"காய்ச்சல் எத்தனை நாள்?" என்று மிஸ் கேட்டார்.

"நாலு நாளு. வலிக்குதான்னு டிரஸ்ஸரு தினமும் கேட்டாரு. இல்ல, நல்லாருக்குன்னு அம்மா சொல்லிச்சு. அவரும் கட்டப் பிரிச்சுப் பாக்கல" என்றாள் மல்லிகா.

என்னைப் பார்த்ததும் பாக்கியம் அக்கா எழுந்திருக்கப் பார்த்தார். "வாங்கய்யா... லட்டர் கொண்டாந்தீங்களா?"

காரில் ஏற்றிக்கொண்டு போனோம். பின்னிருக்கையில் அவருடைய காலை என் மடிமேல் வைத்திருந்தேன். சர்க்கரை ஏறிக் கிடந்தது. எத்தனை வருடமாகவோ. மூன்றாம் நாள், முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள்.

மிஸ் என்னை டாக்டரிடம் அழைத்துப் போய், என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வைத்தார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. மெஷினைத் தொடவிடாமல் துணி மடிக்கிற அறையில் போட்டார்கள். ஓர் ஆளின் காலுக்கு அவ்வளவுதான் தண்டனை. கூட்டாளி, "தப்பிச்ச மச்சான்" என்றான். அவன் நல்லவன்தான். ஆனால் அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். மல்லிகா என்னை நடைவழியிலேயே நிறுத்தினாள்.

"உள்ள போவாதீங்க சார்."

"மன்னிப்பு கேக்கணும்மா."

"கேட்டா அம்மா என்ன சொல்லும் தெரியுமா? 'பரவாயில்லங்கய்யா'ன்னு சொல்லும். அதக் கேட்டுட்டு நீங்க நிம்மதியா வூட்டுக்குப் போவீங்க. எனக்கு அது புடிக்கல." அழவில்லை. பதினேழு வயதுப் பெண் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. "டாக்டரு முன்னாடி எங்கம்மா உங்களுக்காகப் பொய் சொல்லிச்சு. நீங்க வாய தொறப்பீங்கன்னு நானும் அங்கயேதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

திரும்பி வந்துவிட்டேன்.

தோட்டத்தில் பேர் வெட்டினார்கள். வீடு போயிற்று. குனோங் ராபாட்டில் தூரத்து உறவுக்காரர் வீட்டின் பின்னறைக்கு இருவரும் குடிபோனார்கள். மல்லிகா பரீட்சை எழுதவில்லை. சட்டை தைக்கிற ஃபேக்டரியில் சேர்ந்தாள். பக்கத்து வீட்டு மாணவிகள் முடிவுத் தாளோடு போன நாளில் அவள் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் என்று பின்னால் பாக்கியம் அக்கா சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அவருக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. அதற்குள் நான் பிசியோ பிரிவுக்குத் திரும்பியிருந்தேன். நடக்கப் பழக்குகிற வேலை என்னிடம் வந்தது. வேறு ஆளைப் போடச் சொல்லி மிஸ்ஸிடம் கேட்டேன். "நீர்தான் பழக்க வேணும்" என்றார்.

பாக்கியம் அக்காவின் தலை நரைத்திருந்தது. இப்போது ஐயா இல்லை, தம்பி என்றுதான் கூப்பிட்டார். புதுக் காலின் அடியில் இருந்த ரப்பர் பாதத்தைத் தட்டிக் காட்டி, "முப்பது வருசம் ரப்பரு வெட்டுனேன் தம்பி. கடசில ஒரு பாதம் தேறுச்சு" என்றார். அந்தக் கொப்பியை நான் எரித்துவிட்டிருந்தேன். இருந்திருந்தாலும் அதை எழுதியிருக்கமாட்டேன். அட்டையில் எழுதினேன்: 'மனம் தெளிவாக இருக்கிறது.'

புதுக் கால் உராய்ந்தால் தோல் கிழியும். சர்க்கரைக்காரருக்கு அது ஆபத்து. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பேன். "வலிக்குதாக்கா?"

"நல்லாருக்கு தம்பி."

பதிலைக் கேட்டுக்கொண்டே காலைக் கழற்றிவிடுவேன். தோலை நானே பார்ப்பேன். முதல் மாதத்தில் மூன்று தடவை, 'நல்லாருக்கு' என்று சொன்ன இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. நான் அவரைத் திட்டவில்லை. அந்தச் சொல்லை அவருக்கு யாரெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன். நீங்களும் வாயைக் கேளுங்கள். கேட்டுவிட்டுத் தோலைப் பாருங்கள், தரையில் விழுந்த தடத்தைப் பாருங்கள், கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

நடைப் பயிற்சியின் கடைசி நாள். கைத்தடி ஒன்றோடு தானாக நடக்கிறார். வாசலில் மல்லிகா காத்திருந்தாள், ஃபேக்டரிச் சட்டையோடு. என்னோடு அவள் பேசமாட்டாள், அன்றைக்கும் பேசவில்லை. "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு பாக்கியம் அக்கா நடைவழியில் இறங்கினார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே வந்தேன்.

நடைவழியின் நடுவே ஒரு சிலிப்பர் கிடந்தது. ரப்பர் பாதத்திலிருந்து கழன்று விழுந்தது. அவர் தெரியாமல் போய்க்கொண்டிருந்தார்.

எடுத்துக்கொண்டு ஓடினேன். மூச்சு வாங்க அவர் முன்னால் முட்டி போட்டு, அந்தப் பாதத்தில் செருப்பை மாட்டினேன். வார் சரியாக நுழையவில்லை.

மேலேயிருந்து அவர் குரல் வந்தது. "அன்னிக்கும் இப்பிடித்தான் ஓடியாந்தீங்க. ஞாபகம் இருக்கா தம்பி?"

"இருக்குக்கா."

"சிரிச்சோம்ல."

மல்லிகா குனிந்து, என் கையிலிருந்து செருப்பை வாங்கி, ஒரே இழுப்பில் அவளே மாட்டிவிட்டாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். போனார்கள்.

நான் அங்கேயே முட்டி போட்டபடி இருந்தேன். அடுத்த நோயாளி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, ஏதாச்சும் விழுந்துருச்சா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை மறுபடியும் வருகிறேன், பிள்ளைகளே. குதிகால் இன்னும் வலிக்கிறது. எட்டு.